ஓடாமல் நிற்கும் காருக்கும் நாளுக்கு 30 வெள்ளி

2008 நவம்பரில் சிங்கப்பூரில் சிறிய கார் ஒன்றுக்கான வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணம் 2 வெள்ளி. 2023 அக்டோபரில் அதே சான்றிதழுக்கு 106,000 வெள்ளி. 2025 அக்டோபரில் அது 128,000 வெள்ளியையும் தாண்டியது. காரின் விலை இதில் சேராது. காரைப் பத்தாண்டு வைத்திருப்பதற்கான அனுமதிக்கு மட்டும் இவ்வளவு.

மாதத்தில் இரண்டு புதன்கிழமைகளில் மாலை 4 மணிக்கு ஏலம் முடிகிறது. அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் காப்பிக் கடைகளிலும் ஒரே கேள்விதான்: எப்போது குறையும்? பல ஆண்டுகளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. காரை வைத்திருப்பதற்காக மொத்தமாக வாங்கும் பணத்தை, காரை ஓட்டும் அளவுக்கு ஏற்ப வாங்கும் பணமாக எப்போது மாற்றப்போகிறோம்?

ஏன் இந்த விலை?

முதலில் அடிப்படை. 700 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தீவு இது. 60 லட்சம் பேர் வாழ்கிறோம். நம் நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொண்டுவிட்டன. வீடுகளுக்கு ஒதுக்கிய நிலம் அதைவிடப் பெரிய அளவு கூடுதல் இல்லை. எல்லாருக்கும் கார் என்றால் எங்கே நிறுத்துவது, எந்தச் சாலையில் ஓட்டுவது? இந்தக் கவலையில்தான் 1990 மே மாதம் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. எத்தனை வாகனம் என்பதை அரசு முடிவுசெய்யும். என்ன விலை என்பதை ஏலம் முடிவுசெய்யும்.

2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி விகிதம் சுழியம். அதாவது, பழைய கார் ஒன்று பதிவிலிருந்து நீங்கினால்தான் புதிய காருக்கு இடம். இதில் பலரும் கவனிக்காத ஒரு விளைவு உண்டு. சான்றிதழ் பத்தாண்டுக்குச் செல்லும் என்பதால், இன்று எத்தனை சான்றிதழ் ஏலத்துக்கு வருகிறது என்பது பத்தாண்டுக்கு முன்பு எத்தனை பேர் கார் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் வாங்கியவர்கள் குறைவு. அதனால் 2022, 2023இல் பதிவு நீங்கிய கார்களும் குறைவு. வாங்க வந்தவர்களோ கூடுதல். விலை எகிறியது.

ஆக, 2018இல் வாங்கியவருக்கும் 2023இல் வாங்கியவருக்கும் உள்ள வேறுபாடு வாங்கிய நேரம் மட்டுமே. திறமையோ தேவையோ அதில் இல்லை. 2023இல் ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததும், ஒரு வீட்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஏலச் சுழற்சியைப் பார்த்து நடந்தவை அல்லவே.

ஏலத்தில் விடப்படும் சான்றிதழ்களைக் கூட்ட, 2025 பிப்ரவரி தொடங்கி 20,000 சான்றிதழ்கள் வரை படிப்படியாகக் கூடுதலாக விடுவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் அதே ஆண்டில் மின்சார கார்களுக்கு 40,000 வெள்ளி வரை சலுகை இருந்தது. 2026இல் அது 30,000ஆகக் குறையும் என்று செப்டம்பரில் தெரிந்ததும் வாங்குவோர் முந்தினார்கள். விநியோகம் கூடியது, விலையும் கூடியது.

ஒரு காரின் முழுக் கணக்கு

லெங் கீ சாலையிலோ ஊபியிலோ ஒரு கார் விற்பனைக்கூடத்துக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது மாதத் தவணைத் தொகை. கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். மொத்த விலை அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். புதன்கிழமை ஏல முடிவு வந்ததும் மாறுவது அந்தச் சிறிய எழுத்துதான். தவணைத் தொகை நூறு, நூற்றைம்பது வெள்ளி மட்டுமே நகர்வதுபோல் காட்டும். கடன் காலம் நீளமாக இருப்பதால் வரும் மாயம் அது.

நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 வெள்ளி பொதுச் சந்தை மதிப்புள்ள, எளிய 1,600 சிசி பெட்ரோல் கார். தீர்வை 20 விழுக்காடு, அதாவது 4,000. இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 2,160. கூடுதல் பதிவுக் கட்டணம், முதல் 20,000க்கு நூறு விழுக்காடு என்பதால், இன்னொரு 20,000. பதிவுக் கட்டணம் 350. சான்றிதழ் 110,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 156,510 வெள்ளி. விற்பவரின் லாபமும் சேர்ந்தால் 170,000 ஆகிவிடும்.

கப்பலிலிருந்து இறங்கியபோது 20,000 வெள்ளி. வீட்டுக்கு வரும்போது 170,000.

நாணய ஆணையத்தின் விதிப்படி இந்தக் காருக்கு விலையில் 70 விழுக்காடுதான் கடன், ஏழாண்டுதான் தவணை. எனவே முன்பணம் 51,000. மீதி 119,000க்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு நிலையான வட்டி என்றால் மாதம் ஏறத்தாழ 1,665 வெள்ளி. வட்டி மட்டும் 20,000 வெள்ளிக்கு மேல்.

இது கார் வாங்கிய செலவு. கார் வைத்திருக்கும் செலவு இனிமேல்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் மாதச் சந்தா 110 வெள்ளி. சாலை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 743, மாதத்துக்கு 62. காப்புறுதி, பெட்ரோல், சர்வீஸ், டயர், வெளியில் நிறுத்தும் கட்டணம், ஈஆர்பி சாலைக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சிக்கனமாகப் போட்டாலும் மாதம் 740 வெள்ளிக்குக் குறையாது. மின்சார கார் வைத்திருப்பவர்களுக்குப் பெட்ரோல் இல்லை. ஆனால் எரிபொருள் தீர்வைக்கு ஈடாக அவர்களின் சாலை வரியில் ஆண்டுக்கு 700 வெள்ளி சேர்ந்திருக்கிறது.

பத்தாண்டு முடிவில் திரும்பக் கிடைக்கக்கூடிய தொகையைக் கழித்துவிட்டுச் சராசரி பார்த்தாலும் இந்த எளிய காருக்கு மாதம் 2,200 வெள்ளிக்கு மேல் போகிறது. நாளுக்கு 70 வெள்ளிக்கு மேல். 2024இல் வேலைசெய்வோர் உள்ள குடும்பங்களின் நடுத்தர மாத வருமானம், முதலாளியின் மத்திய சேம நிதிச் சந்தாவையும் சேர்த்து, 11,297 வெள்ளி. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு காருக்கு.

மறுபக்கமும் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் எம்ஆர்டியில் வேலைக்குப் போய்வர, வார இறுதிகளில் பிள்ளைகளோடு வெளியே போக மாதம் எட்டு முறை வாடகை கார், அவசரத்துக்கென்று இன்னும் கொஞ்சம். தாராளமாகப் போட்டாலும் 550 வெள்ளி. மாதம் 1,650 வெள்ளிக்கு மேல் மிச்சம்; பத்தாண்டில் ஏறத்தாழ 200,000. பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்பும் பெற்றோரின் ஓய்வுக்காலமும் அந்தத் தொகைக்குள் இருக்கின்றன.

வாங்கியாயிற்று, ஓட்டாமல் இருப்பதா?

மேலே உள்ள கணக்கில் ஒரு எண்ணைத் தனியே எடுத்துப் பார்க்கவேண்டும். 110,000 வெள்ளிச் சான்றிதழை 3,650 நாள்களுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 30 வெள்ளி. சாவியைத் தொடாவிட்டாலும் போகும் பணம் இது.

இதன் விளைவு என்ன? விருந்துக்கு முழுப் பணமும் கட்டிவிட்டவர் பசி அடங்கிய பிறகும் தட்டை நிரப்பிக்கொள்வதுபோல, சான்றிதழுக்கு இவ்வளவு கொடுத்தவர் எம்ஆர்டி வாசலிலேயே இருந்தாலும் காரைத்தான் எடுப்பார். ஒரு நாள் கூடுதலாக ஓட்ட ஆகும் செலவு பெட்ரோலும் கொஞ்சம் ஈஆர்பியும்தான். கார் வைத்திருப்பதை விலையுயர்ந்ததாகவும், வைத்திருக்கும் காரை ஓட்டுவதை மலிவானதாகவும் ஆக்கியிருக்கிறோம். நெரிசலைக் குறைக்க வந்த முறை, காருள்ளவரைக் கூடுதலாக ஓட்டத் தூண்டுகிறது.

ஆனால் ஓட்டுவதற்குக் கட்டணம் வாங்கும் வித்தையை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தான். 1975இல் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளுக்கு 3 வெள்ளி உரிமம் வாங்கினோம். 1998இல் அது ஈஆர்பி என்ற மின்னியல் முறையானது. நியூயார்க் தன் நகர மையத்துக்கு இத்தகைய கட்டணத்தைக் கொண்டுவந்தது 2025 ஜனவரியில்தான். நமக்கு ஐம்பதாண்டு பின்னால். இப்போது கார்களில் பொருத்தப்பட்டுவரும் புதிய சாதனம் துணைக்கோள் வழி இயங்குவது. எந்தச் சாலை, எந்த நேரம், எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்தச் சாதனத்தைப் பழைய ஈஆர்பி கம்பங்களின் வேலைக்கு மட்டும் பயன்படுத்தினால் அது வீண்.

கார் இல்லாதவரும் கட்டும் கட்டணம்

எனக்குக் கார் இல்லை, இந்தக் கவலை எனக்கெதற்கு என்று இதுவரை படித்தவர்களில் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

வேன், லாரி, பேருந்து எல்லாவற்றுக்கும் சி பிரிவு என்ற தனி ஏலம். அங்கும் சான்றிதழ் 70,000 வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்துகளும் அந்தப் பிரிவில் உண்டு. ஒரு பேருந்தும் ஓர் ஓட்டுநருமாகத் தொழில் நடத்துபவர் சான்றிதழைப் புதுப்பிக்கும் ஆண்டில், அந்தச் செலவை எங்கே ஏற்றுவார்? தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் மாதக் கட்டணத்தில்தான். கட்டுபவர்கள் பெரும்பாலும் கார் இல்லாத பெற்றோர்.

அதிகாலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சிறிய வேன்கள் லிட்டில் இந்தியாவுக்கும் ஈரச்சந்தைகளுக்கும் கிளம்புகின்றன. ஒரு வேன் ஓடும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 20 வெள்ளி சான்றிதழுக்கே போகிறது; பெட்டிகளை இறக்கி ஒரு காசு பார்ப்பதற்கு முன்பே. தேக்கா கடையில் நாம் கொடுக்கும் விலையில் அதுவும் இருக்கிறது. கல்யாணச் சாப்பாடு கொண்டுவரும் உணவு நிறுவனம், வீடு மாறும்போது வரும் லாரி, குளிர்சாதனம் பழுதுபார்க்க வருபவர் எல்லாரும் இதே கணக்கில்தான் நிற்கிறார்கள்.

மோட்டார்சைக்கிள் சான்றிதழ் 2022இல் 13,000 வெள்ளியைத் தொட்டதை உணவு விநியோக ஊழியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்களில் பலருக்கு வண்டியின் விலையைவிட அனுமதியின் விலை கூடுதலாக இருந்தது. வசதிக்காக வாங்கும் காரையும் பிழைப்புக்காக வாங்கும் வண்டியையும் ஒரே ஏல நியதியில் நிறுத்துவது சரியல்ல என்றே நான் நினைக்கிறேன்.

தேவையும் அந்தஸ்தும்

நம் சமூகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெண் பார்க்க வருபவர்கள் சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்ட கையோடு கார் இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். ஊரிலிருந்து வரும் உறவினரை விமான நிலையத்தில் வாடகை காரில் ஏற்றினால் முகம் சுருங்குகிறது. இந்தப் பார்வைக்காகத் தகுதிக்கு மீறிய கடனில் விழுந்த இளம் தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். 2,200 வெள்ளி மாதச் செலவைச் சமாளிக்க இருவரும் கூடுதல் நேர வேலை பார்க்கிறார்கள். அந்தக் காரில் பிள்ளைகளோடு வெளியே போக நேரம் இல்லை.

கார் உண்மையிலேயே தேவைப்படும் வீடுகளும் இருக்கின்றன. வாரத்துக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டிய அம்மா. சக்கர நாற்காலியோடு பேருந்தில் ஏறிப் பலதுறை மருந்தகத்துக்குப் போய்வரவே அரை நாள் ஆகும் அப்பா. மழை பெய்தால் வாடகை காரின் கட்டணம் இரு மடங்காகிறது. சில சமயம் வண்டியே கிடைப்பதில்லை. இரட்டைக் குழந்தைகளோடு, மடிக்கும் தள்ளுவண்டியோடு நெரிசல் நேர ரயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இவர்களும், மூன்றாவது கார் வாங்குபவரும், நூற்றுக்கணக்கில் வாங்கி வாடகைக்கு விடும் நிறுவனமும் ஒரே வரிசையில் நின்று ஏலம் கேட்கிறார்கள்.

குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை தரலாமா என்று நாடாளுமன்றத்தில் பலமுறை கேட்டாயிற்று. யாருடைய தேவை பெரிது என்று வரையறுப்பது கடினம் என்பது அரசின் பதில். அந்தச் சிரமம் உண்மைதான். ஒரு குடும்பத்துக்கு மலிவாகக் கொடுத்தால் இன்னொரு குடும்பத்துக்கு விலை ஏறும். அதனால் மலிவுச் சான்றிதழ் என்ற வழியைவிட, தேவையுள்ளவருக்குப் பயணத்தை மலிவாக்கும் வழியே எனக்கு நியாயமாகப் படுகிறது.

செய்யக்கூடியவை

முதலாவதாக, ஓட்டும் அளவுக்கு ஏற்ற கட்டணத்துக்கு ஒரு கால அட்டவணையை அரசு அறிவிக்கவேண்டும். நெரிசல் நேரத்தில் நெரிசல் சாலையில் ஓட்டுபவருக்குக் கட்டணம் உயரட்டும். ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைப் பார்க்கப் போகும் காருக்குக் குறையட்டும். அதிலிருந்து கிடைக்கும் இடைவெளிக்கு ஏற்பச் சான்றிதழ்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். 20,000 கூடுதல் சான்றிதழ் அறிவிப்பின்போது, வாகனங்கள் ஓடும் தூரம் குறைந்திருப்பதை ஆணையமே காரணமாகச் சொன்னது. அந்தத் தர்க்கத்தை இன்னும் முன்னே கொண்டுபோகவேண்டும். ஓட்டித்தான் பிழைக்கவேண்டும் என்ற வாடகை கார் ஓட்டுநருக்கும் விநியோக வேனுக்கும் தனிக் கட்டண விகிதம் தேவைப்படும். அதையும் சேர்த்தே வகுக்கலாம்.

அடுத்து, தனியார் வாடகை கார் நிறுவனங்களைப் பொதுத் தொகுப்பிலிருந்து பிரிக்கவேண்டும். அந்தக் கார்கள் பலருக்குப் பயன்படுகின்றன என்பதில் ஐயமில்லை, அவை வேண்டும். ஆனால் காரை வைத்து வருமானம் ஈட்டுபவரும் சம்பளத்திலிருந்து கட்டுபவரும் ஒரே ஏலத்தில் மோதுவது சமமான போட்டியன்று. அவற்றுக்குத் தனி ஒதுக்கீடு தந்துவிட்டால் எத்தனை வேண்டும் என்பதைத் தேவைபார்த்து ஆணையமே நிர்ணயிக்கலாம்.

ஏ பிரிவின் வரையறையையும் மாற்றவேண்டும். சாதாரணக் குடும்பக் கார்களுக்கான பிரிவு அது. சொகுசு கார்கள் அதற்குள் நுழைந்ததால் 2014இல் இயந்திர ஆற்றலுக்கு 130 குதிரைத்திறன் என்று வரம்பு வைத்தார்கள். மின்சார கார்களுக்கு இன்று 110 கிலோவாட். வரம்புக்குள் அடங்குமாறு ஆற்றலைக் குறைத்துச் சொகுசு காரைக் கொண்டுவருவது உற்பத்தியாளருக்குப் பெரிய காரியமில்லை என்பதைப் பத்தாண்டு அனுபவம் காட்டிவிட்டது. சந்தை மதிப்பை வரம்பாக வைப்பதே நேர்வழி.

பராமரிப்பாளர்களுக்கும் நோயாளிகளுக்கும் வாடகை கார் மானியத்தைப் பெருக்கவேண்டும். உடற்குறையுள்ளோருக்கு இத்தகைய உதவி ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொடர் சிகிச்சைக்குச் செல்லும் மூத்தோருக்கும் விரிவாக்கி, மருத்துவமனைச் சந்திப்பு உறுதியானதும் மானியம் தானாகவே கிடைக்குமாறு செய்யலாம். சான்றிதழ் ஏலத்தில் வரும் பணத்தில் சிறு பகுதி இதற்குப் போதும்.

இரவு நேரப் பேருந்துகளைத் திரும்பக் கொண்டுவரவேண்டும். நைட்ரைடர் சேவைகள் 2022இல் நிரந்தரமாகக் கைவிடப்பட்டன. நள்ளிரவு ஷிப்ட் முடிந்து வரும் தாதிக்கும் பாதுகாவலருக்கும் உணவக ஊழியருக்கும் அந்தப் பேருந்து வெறும் வசதி இல்லை, வேலையையே காப்பாற்றும் ஒன்று. 2030களில் பத்தில் எட்டு வீடுகளிலிருந்து பத்து நிமிட நடையில் ரயில் நிலையம் என்பது அரசின் இலக்கு. மீதி இரண்டு வீடுகளுக்கும், ரயில் ஓடாத மணிநேரங்களுக்கும் இணைப்புப் பேருந்துதான் விடை.

வீவக கார் நிறுத்துமிடங்களில் பகிர்வு கார்களுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கவேண்டும். வேலைநாளில் காலை பத்து மணிக்கு எந்தப் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கும் ஏறிப் பாருங்கள். வரிசை வரிசையாகக் கார்கள் தூசி படிந்து நிற்கும். ஒரு புளோக்குக்கு இரண்டு பகிர்வு கார் நிரந்தரமாகக் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால், அந்தத் தூசி படிந்த கார்களில் சிலவற்றை அவற்றின் உரிமையாளர்களே கைவிடுவார்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கார் வாங்கும் எண்ணம் இருந்தால் விற்பனைக்கூடத்துக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, பத்தாண்டுக்கான மொத்தச் செலவை எழுதுங்கள். முன்பணமே வேண்டாம் என்று அழைக்கும் திட்டங்களில் கடைசித் தவணை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கார் வாங்குவதானால் சான்றிதழில் எத்தனை மாதம் மீதி என்பதைக் கொண்டு விலையை வகுத்துப் பாருங்கள். ஏலக் கட்டணம் குறையாது என்ற நம்பிக்கையில் வாங்கிய காரை விற்று ஈடுகட்டலாம் என்று திட்டமிடாதீர்கள்; கட்டணம் குறைந்தால் உங்கள் காரின் மறுவிற்பனை விலையும் அதோடு குறையும். எழுதிய தொகை வீட்டு வருமானத்தில் ஆறில் ஒன்றைத் தாண்டினால், அந்தக் காரை வாங்க வேண்டாம்.